நாச்சம்மாவை எப்ப எடுக்கறாங்க?

வாங்க தம்பி, வாங்க. என்ற மகன் லோகு அனுப்பிச்ச ஆளுதானுங்களே? வீடு பாக்க ஒருத்தர் வருவாருன்னு காத்தால போன்ல சொன்னான். இந்தச் சேர்ல உக்காருங்க. மேல அப்பறம் போலாம், மாடி எங்கயும் ஓடிப்போகாது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. நீங்க சர்வர் வெப்பீங்களா?

சிரிக்காதீங்க. ஓட்டல் சர்வரைக் கேக்கல. மொதல்ல நானும் அப்பிடித்தான் நெனச்சேன். போன வருசம் மாடியை ஆபீசுக்குன்னு கேட்டு ரெண்டு பேரு வந்தாங்க. நவநீதன்னு ஒரு பையன், இன்பவல்லின்னு ஒரு புள்ள. ரெண்டும் கம்ப்யூட்டருக்குப் படிச்சதுக. "நாங்க ரெண்டு பேருதாங்கம்மா, கூட ஒரு லோக்கல் சர்வர் மட்டும் வெச்சுக்குவோம்"னு அந்தப் பையன் சொன்னான். ரெண்டு பேருக்குப் பரிமாற எதுக்கு ஒரு ஆளு, அவன் எந்த ஓட்டல்ல வேலை பாத்தான், குடிப்பானான்னு கேட்டேன். "அது தூங்காது, ஒண்ணும் சாப்பிடாது, ராவும் பகலும் மேலயே இருக்கும், கரண்டு மட்டும் குடுத்தாப் போதும்"னான். நான் கதவைச் சாத்தவே போயிட்டேன். அப்பறம் அந்தப் புள்ளதான் முன்னால வந்து வெவரமாச் சொல்லுச்சு.

பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை மொதலாளிக்கு இவங்க சாப்ட்வேர் பண்ணிக் குடுக்கோணுமாம். குஞ்சு எத்தனை வந்துது, தீவனம் எத்தனை தின்னுது, எத்தனை செத்துது, எத்தனை லாரி ஏறுச்சு, எல்லாம் அதுல ஏத்தோணும், கேட்டாச் சொல்லோணும். அந்தக் கணக்கையெல்லாம் வாங்கி அடுக்கி வெச்சுக்கற கம்ப்யூட்டருக்குப் பேருதான் டேட்டாபேஸ் சர்வராம். "மொதலாளிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி இங்கயே ஒண்ணு வெச்சு, தப்பையெல்லாம் இங்கயே பண்ணிப் பாத்துக்குவோங்கம்மா. தூரத்துல எங்கயாச்சும் வெச்சா, நெட்டு போனா எங்க வேலையும் போயிரும். அதான் லோக்கல்"னுது. ஊட்டுக்குள்ள தப்புப் பண்ணிப் பாத்துட்டு வெளிய நல்லவனாட்டப் போறது. சரி, எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதானேன்னு சாவியைக் குடுத்துட்டேன்.

என்னங்க? வாடகையா? இருங்க, இருங்க. அதெல்லாம் லோகு பேசிக்குவான். நான் சொல்லி முடிச்சர்றேன்.

பொட்டி வந்துது. கருப்புப் பொட்டி, எண்ணெய் டின்னு உசரம். மூஞ்சி பூரா ஓட்டை ஓட்டையா இருக்கும், உள்ள காத்தாடி சுத்தும். அதுக்கு ஏசி வேணும்னாங்க. எனக்கே ஏசி இல்லீங்க, இத்தனை வயசாச்சு. அதுக்கு வந்து மாட்டுனாங்க. அன்னிக்குப் பூரா அந்தப் பொட்டியைக் கெளப்பறதுக்கு ரெண்டும் பட்ட பாடு இருக்குதே, பிரசவ ஆஸ்பத்திரி தோத்துது. நவநீதன் என்னமோ தட்டுவான், அது முடியாதுங்கும். மறுபடி தட்டுவான், மறுபடி முடியாதுங்கும். "கனெக்ஷன் குடுக்க மாட்டேங்குது"ன்னு தலையில கையை வெச்சுக்குவான். நான் ஈபி லைன்மேனைக் கூப்புடட்டுமான்னு கேட்டேன். "அந்தக் கனெக்ஷன் இல்லீங்கம்மா"ன்னான். பின்ன என்ன கனெக்ஷன், கேஸா? பாஸ்வேர்டை இவனேதான் வெச்சானாமா, இவனேதான் மறந்துட்டானாமா. ரெண்டு டிகிரி படிச்சவன். நான் பீரோச் சாவியை எங்க வெச்சேன்னு ஒரு நாளாச்சும் மறந்திருப்பனா?

பொழுதோட காப்பி கொண்டுட்டு மேல போனேன். பாவம், அதுக மூஞ்சியே செத்துக் கெடந்துது. காப்பி குடுத்த கையோட நாலு வார்த்தை பேசுனேன். அந்தப் புள்ள ஏன் ஹாஸ்டல்ல தங்கியிருக்குது, அப்பன் என்ன பண்றான், கல்யாணத்தை ஏன் இத்தனை தள்ளிப் போட்டிருக்குது, நவநீதனுக்கும் அதுக்கும் ஒண்ணுமில்லைன்னா ஏன் ஒரே வண்டியில வருதுக, இப்பிடிப் பொதுவா. மொத நாளு வீடு பாக்க வந்தப்ப அவன் போட்டிருந்த சட்டையில மூணாவது பொத்தான் இல்லைங்கறதையும் ஞாபகமாச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துதுக. "டேய், பேரு கெடைச்சுருச்சுடா"ன்னுது இன்பவல்லி.

என்ன பேரும்மான்னு கேட்டேன். புதுசா வெக்கற கம்ப்யூட்டருக்கு ஒரு பேரு வெக்கோணுமாம். என்ற பேரை வெச்சுட்டாங்க தம்பி. நாச்சம்மா. ஏன் என்ற பேருன்னேன். "இது எதையும் மறக்காதுங்கம்மா. ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லும். சீக்கிரம் சூடாயிரும். முன்னப்பின்ன தெரியாதவங்க வந்தா வாசல்லயே நிறுத்திக் கேள்வி மேல கேள்வி கேக்கும்"னுது அந்தப் புள்ள. சொல்றப்பவே அதுக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு, வாயைப் பொத்திக்கிச்சு. நவநீதன் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். ஒடம்பெல்லாம் குலுங்குது அவனுக்கு. எம்மேல எத்தனை மதிப்பு இருந்தா அப்பிடி அழுகை வரும்? என்ற மருமக வந்து இத்தனை வருசத்துல என்ற பேரை ஒரு நாய்க்குட்டிக்காச்சும் வெச்சிருப்பாளா?

அன்னைலருந்து மேல எந்நேரமும் என்ற பேச்சுத்தான். எனக்குக் காது நல்லாக் கேக்கும். கீழ அரிசி பொடைச்சுட்டிருப்பேன், மேல இருந்து வரும். "நாச்சம்மாவுல எட்டாயிரம் கோழி ஏத்திட்டேன், தாங்குது." "நாச்சம்மாகிட்டக் கேளு, நேத்துச் செத்த கோழி எத்தனைன்னு." "ஒரே நேரத்துல நாம ரெண்டு பேரும் கேட்டா நாச்சம்மா கோவிச்சுக்குது." நெசக் கோழி இல்லீங்க, பொய்க் கோழி. சும்மா கணக்குக்கு ஏத்தறது. காத்தால ஏத்துவாங்க, பொழுதோட எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மறுக்கா ஏத்துவாங்க. இதுக்கு ஒரு பொழப்பு, இதுக்கு ஒரு ஏசி. இருந்தாலும் என்ற பேர்ல எட்டாயிரம் கோழி இருக்குதுன்னா மனசுக்கு ஒரு இதுதான்.

பேரு வெச்சுட்டா நம்ம பொறுப்பும் இருக்குதில்லீங்க? செவ்வா வெள்ளி நான் சாமி கும்பிட்டுட்டு, சாம்பிராணித் தட்டோட மேலயும் ஒரு நடை போயிருவேன். அதுக வர்றதுக்கு முன்னாடியே, எங்கிட்ட இன்னொரு சாவி இருக்குதே. பொட்டி மூஞ்சியில நல்லாப் பொகையைக் காட்டி, அந்த ஓட்டையில ஒரு சிட்டிகை திருநீறு. ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்பறம் என்னமோ காத்தாடி கர்ரு கர்ருன்னு சத்தம் போடுதுன்னு அதுக ரெண்டும் பேசிக்கிட்டாங்க. எதுக்கும் ஆகட்டும்னு நான் திருநீறைக் கொஞ்சம் சேத்திப் போட ஆரம்பிச்சேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா? நீங்க ஏன் அடிக்கடி சன்னல் வழியா வெளிய பாக்கறீங்க? வண்டி பத்திரமாத்தான் நிக்கும்.

நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி வீட்டைப் பத்திச் சொல்லோணும். இது என்ற வீட்டுக்காரரு மில்லுல ஓவர்டைம் பாத்துக் கட்டுனது. முன்னால எல்லாம் இந்த ரோட்டுல சோளக்காடுதான். இப்பத்தான் கண்ணாடிக் கட்டடமா வந்துருச்சு. அவரு போனதுக்கப்பறம் இந்த வீடு என்ற பேர்ல இருக்குது. லோகு திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். "அம்மா, இதைக் குடுத்துட்டா அடுக்குமாடி கட்டறவங்க கொத்திட்டுப் போவாங்க, நீ எங்களோட வந்து இரு"ன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தான். நான் ஒத்துக்கல. இந்த வாசப்படியைத் தாண்டி நான் போறதா இருந்தா நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகோணும்னு சொல்லிட்டேன். அதுல அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். பெத்தவளைத் தனியா விட்டிருக்கமேங்கற வருத்தம். தங்கமான பையன். எல்லாம் அந்த மருமக, தேன்மொழி, அவ சொல்லிக்குடுத்துத்தான் விக்கச் சொல்றான்னு எனக்குத் தெரியும். அவ ஒரு தடவை கூட வாயைத் தொறந்து விக்கச் சொன்னதில்ல. அதுலயே தெரிஞ்சுக்கலாம், எத்தனை அழுத்தக்காரின்னு.

அன்னிக்கு அன்னூர்ல என்ற சித்தப்பன் பேரனுக்குக் காது குத்து. அதுக்கு மறுநாளுதான் மொதலாளி வந்து சாப்ட்வேரைப் பாக்கறாருன்னு மேல ஒரே பரபரப்பு. சரி, நல்லபடியா நடக்கட்டும்னு நான் காத்தால நேரமே எந்திரிச்சு, குளிச்சு, மேல போயிக் கொஞ்சம் விசேசமாவே பண்ணுனேன். சாம்பிராணி, தாராளமாத் திருநீறு, அப்பறம் ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி கொண்டுட்டுப் போயி, வேப்பங்கொத்துல தொட்டு மூஞ்சி பூரா தெளிச்சுட்டு, பூட்டிப்போட்டு பஸ் ஏறிட்டேன். செல்லை சார்ஜுல போட்டவ எடுக்க மறந்துட்டேன்.

நான் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் பொட்டி படுத்துருச்சு. ஏன் படுத்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அதுகளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கண்ணு பட்டிருக்கோணும். பக்கத்து வீட்டுச் சரோஜினி கண்ணு லேசுப்பட்டதில்ல.

அந்தச் சரோஜினிதான் அவ மொட்டைமாடியில மொளகா காயப் போட்டுட்டு இருந்திருக்கறா. மொளகா காயப் போடறதுக்கு எங்க மாடிப் பக்கம் காதை நீட்டிட்டு எதுக்கு நிக்கோணும்னு நான் கேக்கல. நவநீதன் வெளிய வந்து, ஆரு கிட்டயோ போன்ல பேசறான். "நாச்சம்மா காத்தாலருந்து எந்திரிக்கவே இல்லடா. எத்தனையோ தடவை எழுப்பிப் பாத்தாச்சு. ஒடம்பெல்லாம் ஈரமா இருக்குது, என்ன ஆச்சுன்னே தெரியல. போயிருச்சுன்னுதான் நெனைக்கறேன். வெளிய ஆருக்கும் சொல்லிப்போடாத. நாளைக்கு மொதலாளி வந்துட்டுப் போகட்டும், அது வரைக்கும் மூடி மறைச்சுருவோம். அப்பறம் இதைத் தூக்கி வீசிட்டு வேற ஒண்ணு வெச்சுக்கலாம்."

சரோஜினி மொளகாயை அப்பிடியே விட்டுட்டா. கீழ வந்து பாத்திருக்கறா, கதவுல பூட்டு. சன்னலுக்குள்ள என்ற செல்லு அடிக்குது, எடுக்க ஆளில்ல. அவளுக்கு இது போதாது? லோகுவுக்குப் போனைப் போட்டு, "தம்பி, நாச்சம்மாக்கா போயிருச்சு, மேல இருக்கறவனுக மறைச்சு வெச்சிருக்கறானுக"ன்னு சொல்லிட்டா.

லோகு ஒடனே நவநீதனுக்குக் கூப்பிட்டிருக்கறான். "என்னப்பா அங்க? நாச்சம்மா எந்திரிக்கலைன்னு சரோஜினியக்கா சொல்லுது?" இந்தப் பையன் என்ன நெனச்சிருக்கறான், வீட்டுக்காரம்மா பேரைப் பொட்டிக்கு வெச்சது மகனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. பதறிப்போயி, "சாரிங்கண்ணா, சாரிங்கண்ணா, உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சோம். ஆமாங்கண்ணா, காத்தாலதான் பாத்தோம். ஏசி ரூம்லதான் வெச்சிருக்கறோம். இன்பவல்லி பாத்துட்டிருக்குது. எப்பிடியும் பொழுதோட எடுத்துருவோங்கண்ணா"ன்னிருக்கறான்.

பாத்தீங்களா அந்த வார்த்தையை? பொழுதோட எடுத்துருவோம். அவன் சொன்னது பொட்டிக்குள்ள இருக்கற கோழிக் கணக்கை. எழவு விழுந்த வீட்டுக்காரன் காதுல அது எப்பிடி விழுகும்? "எடுக்கறதுக்கு நீ ஆருடா, பெத்த மகன் நான் வர வேண்டாமா?"ன்னு லோகு கத்தியிருக்கறான். "வாங்கண்ணா, நீங்களும் இருந்தா நல்லதுதான்"னு இவன் சொல்லியிருக்கறான். மரியாதைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

அங்க அன்னூர்ல நான் நல்லாச் சாப்பிட்டுட்டு, வெத்தலை போட்டுட்டு, பஸ்ஸு புடிச்சு எறங்கறேன். நம்ம சந்துக்குள்ள பந்தக்கால் நட்டுட்டு இருக்கறாங்க. பிளாஸ்டிக் சேர் வரிசையாப் போட்டிருக்குது. வெயிலுக்குத் தலையில முந்தானையைப் போட்டிருந்தேன். காலு வலி வேற. சாவு வீட்டைத் தாண்டிப் போறப்ப நின்னு ஒரு வார்த்தை விசாரிக்காமப் போறது மொறை இல்லீங்களே. ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆளு, எனக்கு முன்னப்பின்ன தெரியாத ஆளு.

"எப்ப எடுக்கறாங்க?"ன்னேன்.

"மேல ஏசியில வெச்சு, ஆரையும் விடாம உள்ள தாப்பாளைப் போட்டிருக்கறாங்களாமா. பொழுதோட எடுத்துருவாங்க"ன்னாரு.

"வசதியானவங்க போல. பெரிய சாவா?"

"வயசான அம்மாதான். நல்ல சாவு. படுக்கையில கெடக்காமப் போயிருச்சு. அந்தப் பையனுக்குப் பெரிய பாரம் எறங்குச்சு."

"ஆருங்க அது?"

"இந்த வீட்டுக்காரம்மாதான்."

"எந்த வீட்டுக்காரம்மா?"

"இதே வீடுதாங்க, இந்த மாடி வீடு."

எனக்கு வந்துது பாருங்க கோவம். என்ற வீட்ல எனக்குத் தெரியாம எவ செத்தா? ஒருக்காச் சொல்லிட்டுச் சாகறதில்லையா? எந்திரிச்சேன். அந்த வெள்ளைச் சட்டையும் எந்திரிச்சு, காம்பவுண்டு ஓரமாக் காலடி வெச்சு வெச்சு, ஒண்ணு ரெண்டுன்னு வாய்க்குள்ள எண்ணிட்டே நடந்து போறாரு. பந்தல்காரரு போல, துணி எத்தனை வேணும்னு பாக்கறாருன்னு நெனச்சேன். அப்பறம்தான் தெரிஞ்சுது, அவரு பந்தல்காரரு இல்ல, நெலபுலம் வாங்கி விக்கறவரு, லோகுதான் கையோட கார்ல கூட்டிட்டு வந்திருக்கறான்னு. பையனைப் பாருங்க. துக்கத்துல கண்ணு தெரியாம வண்டி ஓட்டக்கூடாதுன்னு தொணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கறான். அந்தப் பொறுப்பு எல்லாருக்கும் வராது.

நான் கேட்டுக்குள்ள காலை வெக்கறேன், மேல மாடியில இருந்து அந்த இன்பவல்லி கத்துச்சு பாருங்க ஒரு கத்து. "டேய்! நாச்சம்மா எந்திரிச்சுருச்சுடா! உசுரு வந்துருச்சு! கோழியெல்லாம் அப்பிடியே இருக்குது!"

சந்தே திரும்பிப் பாக்குது. பாத்தா நான் நிக்கறேன்.

பந்தக்காலைப் புடிச்சுட்டிருந்தவன் விட்டுட்டு ஓடிட்டான். அது சரிஞ்சு சேர் மேல விழுந்துது. சரோஜினி "ஆத்தா"ன்னு ஒரு கூச்சல் போட்டு, அவ வீட்டுக்குள்ள போயி தாப்பாளைப் போட்டுக்கிட்டா. தேன்மொழி மட்டும் வாசப்படியில உக்காந்திருந்தவ எந்திரிச்சு ஓடி வந்தா. தலையெல்லாம் அவுந்து கெடக்குது. கால்ல ஒண்ணு அவ செருப்பு, ஒண்ணு அவ புருசன் செருப்பு. செருப்புக் கூடப் பாத்துப் போடத் தெரியாதவ. வந்தவ பேய்னு பயந்துக்குவான்னு பாத்தா, என்னை அப்பிடியே கட்டிப் புடிச்சுட்டு மூஞ்சியைத் தடவித் தடவிப் பாக்கறா. "அத்தை, சாப்பிட்டீங்களா அத்தை, சாப்பிட்டீங்களா"ங்கறா. செத்தவளைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? காத்தாலருந்து அவ பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலைன்னு அப்பறம் ஆரோ சொன்னாங்க. நடிக்கறதுன்னு எறங்கிட்டா எல்லாத்தையும் சரியாத்தான் செய்வா.

லோகு அப்ப வீட்டுக்குள்ள இருந்தான். பூட்டை ஒடைச்சு உள்ள போயிருக்கறான். அம்மா ரூம்ல போயிக் கதவைச் சாத்திட்டு அழுதிருப்பான், பாவம். நான் உள்ள போயிப் பாக்கறேன், பீரோ தொறந்து கெடக்குது. என்ற சீலை எல்லாம் தரையில. அடித் தட்டு வரைக்கும் எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டிருக்கறான். தம்பி, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அம்மா வாசம் வேணும்னு ஒவ்வொரு சீலையா எடுத்து மோந்து பாத்திருக்கறானே புள்ளை! மெத்தையைக் கூடப் பொரட்டியிருக்கறான். என்னைப் பாத்ததும் அப்பிடியே வெளுத்துப் போயிட்டான். கையில இருந்த சீலையைக் கீழ போட்டுட்டு, "அம்மா, அப்ப பத்திரம் எங்கதான் இருக்குது?"ன்னான். அம்மாவே இல்லாதப்ப அம்மா பொருளாச்சும் பத்திரமா இருக்கோணுமேன்னு அந்த நேரத்துலயும் ஒரு நெனப்பு. அரிசி டிரம்முல இருக்குதுடா கண்ணுன்னு சொன்னேன். அப்பத்தான் அவனுக்கு உசுரே வந்துது.

அப்பறம் மேல போனான், நவநீதனை ஒரு அறை விட்டான். "இதாங்கண்ணா நாச்சம்மா"ன்னு அந்தப் பையன் பொட்டியைக் காட்டறான், கன்னத்தைப் புடிச்சுட்டே. இன்பவல்லிக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. அதுதான் வேற ஒரு பழைய கம்ப்யூட்டர்ல, முந்தின நாளு எடுத்து வெச்ச நகலை எல்லாம் ஏத்தி, மறுபடி நாச்சம்மாவை எழுப்பியிருக்குது. அந்த நகலுக்குப் பேரு பேக்கப்பாம். ஆபத்துன்னு வந்தாக் காப்பாத்தறது அதுதானாம்.

மறுநாளு மொதலாளி வந்து பாத்தாரு, நல்லா இருக்குதுன்னுட்டாரு. அதுகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு மைசூர்பாகு கொண்டு வந்து குடுத்துதுக. நான் வாங்கல. லோகு சொல்லிட்டான், "இவங்க இருக்கற வரைக்கும் உன்னை உசுரோட விடமாட்டாங்கம்மா, காலி பண்ணச் சொல்லு"ன்னு. சொல்லிட்டேன். போறப்ப அந்தப் புள்ள என்ற கையைப் புடிச்சுட்டு, "எங்க போனாலும் நாச்சம்மாங்கற பேரை மாத்த மாட்டோம்மா, அது மாதிரி ஒண்ணு எங்களுக்குக் கெடைக்காது"ன்னுச்சு. நல்ல புள்ளதான். ஆனா பெத்த புள்ள பேச்சைத் தாண்ட முடியுமா?

லோகு அப்பறம் வாரம் தவறாம வர ஆரம்பிச்சுட்டான் தம்பி. முன்னால தீவாளி பொங்கலுக்கு வந்தவன். அந்த ஒரு நாளுல அம்மாவோட அருமை தெரிஞ்சுபோச்சு. ஒரு நாளு பக்கத்துல உக்காந்து சொன்னான். "பாத்தியாம்மா, நீ இருக்கறப்பவே செத்துட்டன்னு கெளப்பிட்டாங்க. நாளைக்கு எவனாச்சும் இதையே காரணமாச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிட்டா? அந்தப் பொட்டிக்கே ஒரு பேக்கப் வெச்சிருக்கறாங்க, உன்ற வீட்டுக்கு ஒரு பேக்கப் வேண்டாமா? என்ற பேர்ல ஒண்ணு எழுதி வெச்சுட்டா, உனக்கு ஒண்ணுன்னா நான் எடுத்துக் குடுத்துருவேன்"னான். எத்தனை அறிவு பாருங்க. பனியன் போடறவனுக்குக் கம்ப்யூட்டர் வெவரம் எல்லாம் தெரியுது.

தேன்மொழி அன்னிக்கே போன் பண்ணுனா. "அத்தை, கையெழுத்துப் போடாதீங்க அத்தை. அவரு வாங்கறது நகல் இல்ல, அசலு. உங்க காலுல விழுந்து கேக்கறேன்"னு அழுகறா. பாத்துக்கங்க. புருசன் பேர்ல ஒரு வீடு வர்றது பொறுக்காத ஒரு பொண்டாட்டியை நீங்க எந்த ஊர்லயாச்சும் பாத்திருக்கறீங்களா? அவளுக்காகவே போனேன் நான் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. அங்க ஒருத்தரு, "முழு மனசோட குடுக்கறீங்களாம்மா"ன்னாரு. ரெண்டு மனசு உள்ளவளாட்டமா இருக்கறேன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. லோகுவும் சிரிச்சான்.

அதனால இப்பத் தொந்தரவு இல்ல. அசலு எங்கிட்ட, பேக்கப் அவங்கிட்ட. அசலும் அவனே பத்திரமா வெச்சுக்கறேன்னு வாங்கிட்டுப் போனான். எலி கடிக்குமில்லீங்க, அரிசி டிரம்முல.

அட, எந்திரிச்சுட்டீங்களா? மாடி அந்தப் பக்கம். ஏன், இப்பிடி எங்க போறீங்க? அது என்ன கையில, டேப்பா? அளக்கோணுமா? அதுக்கென்ன, அளந்துக்கங்க. கட்டில், பீரோ எல்லாம் அளந்து பாத்துத்தான் கொண்டாரோணும். ஆனா நீங்க காம்பவுண்டைல்ல அளக்கறீங்க? ரோட்டு ஓரத்துல இருந்தா? ஓ, காரு நிறுத்தறதுக்கா? நெறையாக் காரு இருக்குதாட்ட இருக்குது உங்களுக்கு. நல்லது, நல்லது. லோகு பாத்து அனுப்பிச்ச ஆளுன்னா சும்மாவா?

ஒத்தையாள் எப்பிடி அளப்பீங்க தம்பி, நடுவுல தொங்கிப்போகுதில்ல? குடுங்க அந்த முனையை. நான் இழுத்துப் புடிச்சுக்கறேன். எனக்கொண்ணும் செரமம் இல்ல. இன்னும் பின்னால போகோணுமா? போறேன், போறேன். சமையக்கட்டும் சேத்தியா? சரி. நீங்க சொல்லுங்க, நான் எது வரைக்கும் போகோணும்?